டிக்கெட் கணக்கில் வராத வேலை



நகரத்து ரயில் நிலையங்களில் நடக்கும் ஆட்குறைப்பும் அதை எதிர்க்கும் தொழிற்சங்கங்களும்தான் இன்றைய பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "கடப்பாக்கத்தில் போய் இதையா பேசப் போகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. இந்த ஊரில் கடல் உண்டு, ஆலம்பரைக் கோட்டை உண்டு, ஈசிஆர் உண்டு. தண்டவாளத்தைப் பார்க்க மதுராந்தகமோ மேல்மருவத்தூரோ போக வேண்டும். இருந்தாலும் இங்கே பேசுவதற்குத்தான் இது பொருத்தமான விஷயம் என்பது என் எண்ணம். மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மாம்பலம் ஸ்டேஷனில் யாருடைய தயவும் வேண்டாம். எந்தப் பெட்டி எங்கே நிற்கும், எந்தப் படி எந்தத் தெருவில் இறக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நிலையத்தில் ஓர் ஆள் வேண்டியிருப்பது வெளியூரிலிருந்து வருகிறவருக்கு. செய்யூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, பட்டணத்துக்கு லோக்கல் பிடிக்கிறவருக்கு.

செங்கல்பட்டு கவுன்ட்டரில் ஒரு நாள் காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் டிக்கெட் கேட்கவில்லை. சீட்டைத்தான் கம்பிக்குள் நீட்டினார். உள்ளே இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, டிக்கெட்டை அடித்துக்கொண்டே சொன்னார்: "லோக்கல்லதான் போணும். எக்ஸ்பிரஸ் வந்தா ஏறிடாதம்மா, இந்த டிக்கெட் அதுக்குச் செல்லாது, ஃபைன் போட்ருவான். எக்மோர்ல லோக்கல் பின்பக்கமா நிக்கும். பாலம் ஏறி முன்வாசல் பக்கம் வந்துடு. பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் எறங்கிட்டா சுத்து." ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஷிப்டின் கணக்கில் இது ஒரு டிக்கெட்.

ரயில்வே நிர்வாகம் ஒரு நிலையத்துக்கு எத்தனை ஆள் தேவை என்று முடிவு செய்வது வேலை ஆய்வை வைத்து. ஒரு கவுன்ட்டரில், ஒரு ஷிப்டில் எத்தனை டிக்கெட் விற்கிறது என்று பார்ப்பார்கள். டிக்கெட் குறைந்தால் ஆள் குறையும். ஊழியர்கள் இதை "போஸ்ட் சரண்டர்" என்பார்கள். யாரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டார்கள். ஒருவர் ஓய்வு பெறுவார், அந்த இடம் காலியாகவே கிடக்கும், இரண்டு மூன்று ஆண்டு கழித்து "இத்தனை நாள் ஆளில்லாமலே நடந்திருக்கிறதே" என்று ஃபைலில் ஒரு குறிப்பு வரும், பணியிடம் போய்விடும். சத்தமே இருக்காது. எதிர்த்துக் குரல் கொடுப்பவர்களுக்கு இதில்தான் பெரிய சிக்கல். வேலையிழந்தவர் என்று காட்ட ஒருவரும் இல்லையே.

சில எண்களைச் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலை 2ஆம் தேதி, கொரோனா நெருக்கடிக்கு நடுவில், ரயில்வே வாரியம் எல்லா மண்டலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பாதுகாப்பு சார்ந்த பணிகள் தவிர, புதுப் பணியிடம் எதையும் உருவாக்கக் கூடாது, பாதுகாப்பு சாராத காலியிடங்களில் பாதியைச் சரண்டர் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. 2022 மே மாதம் பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி, 2015-16 முதல் 2020-21 வரையான ஆறு நிதியாண்டுகளில் 16 மண்டலங்கள் 56,888 பணியிடங்களைச் சரண்டர் செய்திருந்தன. இன்னும் 15,495 இடங்கள் வரிசையில் நின்றன. தெற்கு ரயில்வேயின் பங்கு 7,524. அதே 2022 டிசம்பரில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கு மேல் ரயில்வே பணியிடங்கள் காலி என்று நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது. ஒரு பக்கம் காலியிடத்தை நிரப்பாமல் விடுவது, மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்று ஒழிப்பது. இரண்டும் ஒரே ஃபைலில் அடுத்தடுத்த பக்கங்கள்.

கவுன்ட்டர் ஊழியர் பாதுகாப்புப் பிரிவில் வர மாட்டார். சிக்னல், தண்டவாளம், கேட், ஓட்டுநர் எல்லாம் அந்தப் பிரிவு. புக்கிங் கிளார்க், டிக்கெட் பரிசோதகர், விசாரணைக் கவுன்ட்டர் எல்லாம் வணிகப் பிரிவு. அதனால் கத்தி முதலில் இந்தப் பக்கம்தான் இறங்கும். கூடவே மாற்று ஏற்பாடும் வந்தது. தானியங்கி டிக்கெட் இயந்திரம் வைத்தார்கள். அதை இயக்கத் தெரியாதவர்களுக்கு உதவ, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களைக் கமிஷனுக்கு அமர்த்தினார்கள். இது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். ஆள் தேவையில்லை என்று இயந்திரம் வைத்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தியிருக்கிறோம். வித்தியாசம், அவருக்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் சேராது, வார விடுமுறை கிடையாது. பிறகு கைப்பேசிச் செயலி. 2015 ஏப்ரலில் முன்பதிவில்லாத டிக்கெட்டைக் காகிதமில்லாமல் எடுக்கும் வசதி எழும்பூர்–தாம்பரம் தடத்துக்கு வந்தது. நம்முடைய பாதைதான்.

செயலியை நான் குறை சொல்லப் போவதில்லை. நானும் அதில்தான் டிக்கெட் எடுக்கிறேன். பொத்தேரியில் கல்லூரி விட்ட நேரத்தில் கவுன்ட்டர் வரிசையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் செயலிக்குப் போனவர் யார், போகாதவர் யார் என்று பாருங்கள். தினமும் ஒரே வழியில் போகிறவர், படித்தவர், வங்கிக் கணக்கைக் கைப்பேசியோடு இணைத்தவர் எல்லாம் போய்விட்டார்கள். மிச்சம் நிற்பவர்கள் வழி தெரியாதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், கூடையோடு வெண்டர் பெட்டிக்குப் போகும் மீன்காரம்மா, கண் தெரியாதவர். அதாவது, டிக்கெட் எண்ணிக்கை குறையக் குறைய, கவுன்ட்டரில் மிஞ்சும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பின்னால் வேலை கூடுகிறது. வேலை ஆய்வுப் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

இந்த இடைக்கழிநாட்டு மண்ணில் நின்று இதைப் பேசும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். நல்லியக்கோடனைப் பார்த்துப் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்வதுதான் அந்த நூல். எயிற்பட்டினத்துக்குப் போ, வேலூருக்குப் போ, ஆமூருக்குப் போ என்பதோடு விடவில்லை. கடற்கரையில் சுட்ட மீன் கிடைக்கும், மருதத்து ஊரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும், எந்த ஊரில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்றெல்லாம் சொல்கிறார். வழி தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வதை ஒரு தனி இலக்கிய வகையாகவே வைத்திருந்தவர்கள் நாம். ரயில்வே வாரியம் அதற்கு ஒரு பணியிடம் கொடுக்கத் தயங்குகிறது.

சரி, சங்கங்களுக்கு வருவோம். ஆட்குறைப்பை எதிர்த்துப் போராடுவது நம் ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில்வேயின் மிகப் பெரிய போராட்டங்களில் ஒன்றே ஆட்குறைப்பை எதிர்த்துத்தான் நடந்தது. 1928இல் கம்பெனி தன் பட்டறைகளை நாகப்பட்டினத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பொன்மலைக்குக் கொண்டுவந்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைக் கழிக்கத் திட்டமிட்டது. யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்க ஒரு திறன் தேர்வும் வைத்தார்கள். ஜூலை 19 நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னால் நின்றார்கள். அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. ஜூலை 30இல் போராட்டம் கைவிடப்பட்டது. சதி வழக்குப் போட்டுச் சிங்காரவேலருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்து 1930இல் அவர் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு அதே கம்பெனி கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை விட்டது. சென்னையின் புறநகர் ரயிலுக்கு முந்தைய அத்தியாயம் ஒரு தோற்ற வேலைநிறுத்தம். நம் நகர வரலாறுகளில் 1931ஐச் சொல்பவர்கள் 1928ஐச் சொல்வதில்லை.

1946 செப்டம்பர் 5 பொன்மலைத் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் இறந்தார்கள். 1974 மே மாதம், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் நாடே நின்ற இருபது நாள். இவையெல்லாம் இங்கே வந்திருப்பவர்களில் பலருக்குத் தெரிந்தவை. நான் விரிக்கவில்லை.

இன்றைக்குத் தெற்கு ரயில்வேயில் எஸ்.ஆர்.எம்.யூ. உண்டு, டி.ஆர்.இ.யூ. உண்டு, இன்னும் சில சங்கங்களும் உண்டு. எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று முடிவு செய்யும் ரகசிய வாக்கெடுப்பு 2013க்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் நடந்தது. பதினோரு ஆண்டு இடைவெளி. அங்கீகாரம் பெற்ற சங்கம் பி.என்.எம். என்கிற பேச்சுவார்த்தை மேசையில் உட்காரலாம். அங்கே காலியிடம், சரண்டர், இரவுப் பணி எல்லாம் ஒவ்வொரு முறையும் அஜெண்டாவில் வரும், சில இடங்களில் தடுத்தும் இருக்கிறார்கள். வெளியே கேட் மீட்டிங், கோரிக்கை அட்டை, கோட்ட மேலாளர் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம். எல்லாம் உழைப்புதான், மறுக்கவில்லை.

எனக்குள்ள குறை வேறு. இந்தப் போராட்டங்களில் பயணியைப் பார்க்க முடிவதில்லை. துண்டறிக்கையில் "பணியிடத்தைப் பறிக்காதே" என்றுதான் எழுதுகிறோம். பிளாட்பாரத்தில் அதை வாங்கிப் படிக்கிறவர், அது இவர்கள் பிரச்சினை என்று மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? கவுன்ட்டர் என்றதும் அவருக்கு நினைவுக்கு வருவது ரயில் வந்துகொண்டிருக்கும்போது "சில்லறை கொண்டா" என்று திருப்பி அனுப்பியது, நான்கு ஜன்னலில் மூன்றை மூடி வைத்திருந்தது. மூடியிருந்ததற்குக் காரணம் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நாமும் போய்ச் சொல்லவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்குக் கவுன்ட்டர் திறக்காமல், ரயிலைப் பிடித்து, இறங்கும் இடத்தில் 250 ரூபாய் அபராதம் கட்டியவர் கோபப்படுவது பரிசோதகர் மேல். பணியிடத்தை ஒழித்த உத்தரவு அவர் கண்ணுக்கு எட்டாது.

இங்கிலாந்தில் நடந்த இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2013 நவம்பரில் லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் தன் டிக்கெட் அலுவலகங்கள் அனைத்தையும் மூடப் போவதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான வேலைகள் போகும் என்றது. மூட மாட்டேன் என்று 2008 தேர்தலில் சொன்னவர்தான் அப்போது மேயர், போரிஸ் ஜான்சன். ஆர்.எம்.டி. சங்கம் 2014 பிப்ரவரியில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது, ஏப்ரலில் மறுபடி செய்தது. நடுவில், மார்ச்சில், அதன் பொதுச் செயலாளர் பாப் குரோ இறந்துபோனார். 2015இல் அலுவலகங்கள் மூடப்பட்டன. ரயில் நின்ற நாளில் மழையில் நடந்து வேலைக்குப் போன லண்டன்காரருக்குக் கோபம் சங்கத்தின் மேல் வந்தது. ஆனால் ஆளில்லாத நிலையத்தைக் கொஞ்ச காலம் பார்த்த பிறகு நிலைமை மாறியது. 2017 ஜனவரியில் இன்னொரு வேலைநிறுத்தம் நடந்து, அதன் பின் 325 பேரைக் கூடுதலாக எடுக்க ஒப்பந்தமாயிற்று. மூடிய ஜன்னல் திறக்கவில்லை, நிலையத்துக்கு ஆள் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது.

இரண்டாவது கதை 2023. ஜூலையில் இங்கிலாந்தின் ரயில் நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லா நிலையங்களின் டிக்கெட் அலுவலகங்களையும் மூடப் போவதாகச் சொல்லின. நூற்றுக்குப் பன்னிரண்டு டிக்கெட்தான் அங்கே விற்கிறது என்பது அவர்கள் வாதம். இங்கே நாம் கேட்கும் அதே கணக்கு. ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது. தனியார்மயத்தின்போது செய்த ஒப்பந்தப்படி, மூடுவதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். முதலில் 21 நாள் கொடுத்தார்கள், பிறகு செப்டம்பர் 1 வரை நீட்டினார்கள். சங்கம் வேலைநிறுத்தத்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. நிலையத்து வாசலில் நின்று, கருத்தை எப்படி அனுப்புவது என்று பயணிக்குச் சொல்லிக் கொடுத்தது. மாற்றுத்திறனாளர்கள் நீதிமன்றம் போவோம் என்றார்கள். முதியோர் அமைப்புகள் சேர்ந்துகொண்டன. வந்து குவிந்த கருத்துகள் சுமார் ஏழரை லட்சம். அக்டோபர் 31 அன்று இரண்டு பயணியர் கண்காணிப்பு அமைப்புகளும் திட்டத்தை எதிர்த்தன. அன்றைக்கே போக்குவரத்து அமைச்சர், திட்டத்தை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டார். ஆண்டதோ பழமைவாதக் கட்சி. சங்கத்தின் மேல் அதற்குத் துளியும் பரிவு கிடையாது.

ஜப்பானில் ஒகாயாமா ஊர் பஸ் ஓட்டுநர்கள் 2018இல் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ரசமான விஷயம். வண்டியை நிறுத்தவில்லை. நேரத்துக்கு ஓட்டினார்கள், உண்டியலை மட்டும் துணி போட்டு மூடிவிட்டார்கள். பயணம் இலவசம், நஷ்டம் முதலாளிக்கு. இங்கே இதைச் செய்தால் என்ன வழக்கு வரும் என்று எனக்கும் தெரியும், சங்கத் தோழர்களுக்கும் தெரியும். வழியாகச் சொல்லவில்லை. பயணியைப் பகைக்காமல் யோசிக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூலை 24 காலை, கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்ததால், கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் லோக்கலை விரைவு ரயில் பாதையில் திருப்பிவிட்டார்கள். கூட்டம் பிதுங்கியது. பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கியவர்கள் பாதையோரக் கான்கிரீட் தடுப்பில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். செங்கல்பட்டு வழியாகப் போகும் வண்டி. நம் பக்கத்து ஆட்கள் போகிற வண்டி. இது ஆட்குறைப்பால் நடந்த விபத்து என்று நான் சொன்னால் பொய்யாகும். தடுப்புச் சுவர் தண்டவாளத்துக்கு அத்தனை கிட்டே இருந்தது முதல் காரணம். ஆனால் அது போன்ற காலையில் என்ன தேவைப்படுகிறது என்று யோசியுங்கள். "அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வருது, தொங்காதீங்க" என்று பிளாட்பாரத்தில் இறங்கிச் சத்தம் போட ஆள் வேண்டும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் அன்றைய தடம் மாற்றத்தை அறியாது. மற்ற நாள்களில் அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் ஆய்வாளர் கண்ணுக்குப் படும்.

லண்டனில் 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் சுரங்க நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டில் தீப்பற்றி 31 பேர் இறந்த பிறகு, நிலத்தடி நிலையங்களில் குறைந்தது இத்தனை ஊழியர் இருக்க வேண்டும் என்று 1989இல் விதியே கொண்டுவந்தார்கள். ஆள் வராவிட்டால் நிலையத்தைத் திறக்கக் கூடாது. டிக்கெட் விற்பனைக்கும் அந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. நம் புறநகர் நிலையங்களுக்கு அப்படி ஓர் அடிமட்ட எண் தேவை. நுங்கம்பாக்கத்தில் 2016 ஜூன் 24 காலை ஓர் இளம்பெண் பிளாட்பாரத்திலேயே கொல்லப்பட்டபோது, நிலையத்தில் கேமரா இல்லை என்பதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. கேமரா வந்தது, நல்லது. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். ஓர் ஊழியர் அங்கே நின்றிருந்தால் தடுத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவு பத்து மணிக்குப் பறக்கும் ரயில் நிலையங்களில் இறங்கிப் பாருங்கள். திருமண மண்டபம் போலக் கட்டிவிட்டு, ஆளில்லாமல் விட்ட அந்த மாடிகளில் தனியாகப் படி இறங்கும் பெண்ணிடம், கேமரா போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் சங்கங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சரண்டர் உத்தரவு வந்ததும் அதன் நகலை அந்த நிலையத்து வாசலில் தமிழில் ஒட்டுங்கள். எந்த ஜன்னல், எந்த ஷிப்ட், எந்த மாதத்திலிருந்து என்று எழுதுங்கள். சீசன் டிக்கெட்காரர்கள் சங்கங்களையும், மாற்றுத்திறனாளர் அமைப்புகளையும் கேட் மீட்டிங்குக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. கவுன்ட்டர் மூடும் முடிவு அந்தக் குழுவின் முன் வராமல் நிறைவேறக் கூடாது என்பதை ஒரு கோரிக்கையாகவே வையுங்கள். இங்கிலாந்தில் கட்டாயமாக இருந்த ஒரு விதிதான் ஏழரை லட்சம் பேருக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தது. நம்மிடம் அந்த விதி இல்லை. ஊதியத்துக்கும் போனஸுக்கும் வாதாடிய அளவு அதற்கு நாம் வாதாடியதும் இல்லை.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். செங்கல்பட்டு நிலையத்தில் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கவுன்ட்டர் எத்தனை, காலை ஆறிலிருந்து பத்து வரை திறந்திருப்பவை எத்தனை, கடந்த பத்தாண்டில் சரண்டர் ஆனவை எத்தனை. இந்த மூன்று கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனுவின் மாதிரியைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். செய்யூருக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.